கொரிய மொழியும் ஹோமர் ஹல்பர்ட்டும்

1905-ஆம் ஆண்டு கொரியாவின் தலைநகரான சியோலில் ஓர் ஆங்கில நூல் வெளிவந்தது. கொரிய மொழியின் இலக்கணத்தையும் இந்தியத் திராவிட மொழிகளின் இலக்கணத்தையும் ஒப்பிடும் நூல் அது. அதன் ஆசிரியர் கொரியரும் அல்லர், தமிழரும் அல்லர். அமெரிக்க நாட்டின் வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். ஹோமர் பெசலீல் ஹல்பர்ட் என்னும் அப்பெயரைத் தமிழ்நாட்டில் அறிந்தோர் சிலரே. கொரியாவிலோ பள்ளி மாணவரும் அறிந்த பெயர் அது. அந்நாட்டினர் அவரை நினைவில் வைத்திருப்பது இவ்வொப்பிலக்கண நூலுக்காக அன்று என்பதையும் தொடக்கத்திலேயே கூறிவிட வேண்டும்.

ஆசிரியராக வந்தவர்

ஹல்பர்ட் 1863-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 26-ஆம் நாள் பிறந்தார். தந்தை சமயப் போதகர். கல்லூரித் தலைவராகவும் விளங்கியவர். டார்ட்மவுத் கல்லூரியில் 1884-இல் பட்டம் பெற்ற ஹல்பர்ட், பின்னர் நியூயார்க்கில் இறையியல் பயின்றார். அக்காலத்தில்தான் நெடுங்காலம் அயலார்க்குக் கதவடைத்திருந்த கொரியா, 1882-இல் அமெரிக்காவுடன் நட்பு ஒப்பந்தம் செய்துகொண்டது. உயர்குடி இளைஞர்க்கு ஆங்கிலமும் மேலைநாட்டுக் கலைகளும் கற்பிக்க மன்னர் கோஜோங் ஒரு பள்ளியை நிறுவ விரும்பி, அமெரிக்காவிலிருந்து மூன்று ஆசிரியர்களை வரவழைத்தார். அம்மூவருள் ஒருவராக 1886-இல் சியோலை அடைந்தபோது ஹல்பர்ட்டுக்கு அகவை இருபத்து மூன்று.

கற்பிக்க வந்தவர் கற்கவும் தொடங்கினார். கொரிய எழுத்து அவரைப் பெரிதும் ஈர்த்தது. அதனைச் சில நாள்களிலேயே படிக்கக் கற்றுக்கொண்டார் என்பர். இதில் மிகை ஏதும் இல்லை; அவ்வெழுத்தின் அமைப்பு அத்தகையது. 1443-இல் செஜோங் மன்னர் உருவாக்கி, 1446-இல் நாட்டுக்கு அறிவித்த எழுத்துமுறை அது. தொடக்கத்தில் இருபத்தெட்டு எழுத்துகள்; இன்று வழக்கில் இருப்பவை இருபத்து நான்கு. மெய்யெழுத்துகளின் வடிவங்கள் அவற்றை ஒலிக்கும்போது நாவும் இதழும் பல்லும் தொண்டையும் கொள்ளும் நிலையைக் காட்டுவன. நம் தொல்காப்பியப் பிறப்பியல் எழுத்துகளின் பிறப்பிடங்களைச் சொல்லால் விளக்குகிறது. செஜோங்கோ அவற்றை வரிவடிவமாகவே ஆக்கிவிட்டார்.

ஆக்கியவரின் பெயரும் ஆக்கிய காலமும் நன்கு அறியப்பட்ட எழுத்துமுறைகள் உலகில் மிகச் சிலவே. அவற்றுள் மற்றொன்று அர்மீனிய எழுத்து. கி.பி. 405 அளவில் மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் என்னும் துறவி அதனை முப்பத்தாறு எழுத்துகளுடன் அமைத்தார். ஆயினும் இரண்டு எழுத்துகளும் பெற்ற வரவேற்பு ஒன்றன்று. அர்மீனியர் தம் எழுத்தைத் திருமறையாகப் போற்றினர். கொரியாவின் கற்றோரோ தம் எழுத்தைத் தாழ்ந்தோர் எழுத்து என ஒதுக்கினர். அரசாணையும் கல்வியும் சீன எழுத்திலேயே நடந்தன. எளிதில் கற்கக்கூடிய எழுத்து பெண்டிர்க்கும் எளியோர்க்கும் உரியது என்பது அவர்தம் எண்ணம்.

ஹல்பர்ட்டுக்கு இது பொறுக்கவில்லை. உலகப் புவியியலையும் நாடுகளின் ஆட்சி, தொழில், கல்வி ஆகியவற்றையும் விளக்கும் பாடநூல் ஒன்றை முழுவதும் கொரிய எழுத்திலேயே எழுதி, 1891 அளவில் வெளியிட்டார். கற்றோரும் மற்றோரும் அறிந்திருக்க வேண்டியவை என்னும் பொருள்படும் ‘சாமின் பில்ஜி’ என்பது அதன் பெயர். சீன எழுத்தைவிடத் தம் எழுத்து எத்துணையோ எளிதாகவும் தெளிவாகவும் இருக்க, அதன் அருமை உணராமல் இகழ்கிறார்களே என அந்நூலின் முன்னுரையில் அவர் வருந்துகிறார். கொரியாவுக்கு வந்து ஐந்தாண்டுகளே ஆன அயலவர் ஒருவர், அந்நாட்டு அறிஞர்க்கு அவர்தம் எழுத்தின் பெருமையை அவர்தம் எழுத்திலேயே எடுத்துரைத்தார்.

அச்சகமும் ஆராய்ச்சியும்

பள்ளிப்பணி முடிந்து 1891-இல் தாயகம் சென்ற ஹல்பர்ட், 1893-இல் மெதடிஸ்ட் திருச்சபையின் பணியாளராகத் திரும்பி வந்தார். சியோலில் பேஜே பள்ளியைச் சார்ந்திருந்த மும்மொழி அச்சகத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது. கொரியம், சீனம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் அச்சிட்ட அவ்வச்சகத்திலேயே, முழுவதும் கொரிய எழுத்தில் அமைந்த ‘தோங்னிப் சின்முன்’ என்னும் செய்தித்தாள் 1896-இல் அச்சாகியது. அச்செய்தித்தாளில் பணியாற்றியவர் பேஜே பள்ளி மாணவர் ஜு சி கியோங். பிற்காலத்தில் கொரிய இலக்கண ஆய்வின் தந்தை எனப் போற்றப்பட்டவர் அவர்.

அதே ஆண்டில் ஹல்பர்ட், கொரியர் வாய்மொழியாகப் பாடி வந்த ‘அரிராங்’ நாட்டுப்பாடலின் இசையை மேலைநாட்டு இசைக்குறியீட்டில் முதன்முதலாகப் பதிவுசெய்தார். பின்னர் 1901 முதல் 1906 வரை ‘கொரியா ரிவியூ’ என்னும் ஆங்கிலத் திங்களிதழை நடத்தினார். கொரியாவின் வரலாற்றையும் இரு தொகுதிகளாக எழுதினார். சமயப் பணியாளர் எனினும் அவருடைய மேசையில் இலக்கண நூல்களும் வரலாற்று ஏடுகளுமே மிகுந்திருந்தன போலும்!

ஒப்பிலக்கணமும் அதன் எல்லையும்

கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவந்தது. அதன் திருத்திய இரண்டாம் பதிப்பு 1875-இல் வந்தது. அந்நூலைத் துணையாகக் கொண்டே ஹல்பர்ட் தம் ஒப்பீட்டைச் செய்தார். கொரியத் தீவக்குறையின் தென்பகுதி மக்கள், தொன்மைக் காலத்தில் தென்திசையிலிருந்து கடல்வழியாக வந்தவர்கள் என்பதும், அவர்தம் மொழி திராவிடத்தோடு உறவுடையது என்பதும் அவர்தம் கருத்து.

அவர் கண்ட ஒற்றுமைகள் பொய்யல்ல. ‘நான் சோற்றை உண்கிறேன்’ என்பதைக் கொரியர் ‘நா-நுன் பாப்-உல் மொங்நுந்தா’ என்பர். நா என்பது நான். பாப் என்பது சோறு. உல் என்பது நம் இரண்டாம் வேற்றுமை உருபாகிய ‘ஐ’ செய்யும் வேலையைச் செய்வது. வினை இறுதியில் நிற்கிறது. சொல்லுக்குச் சொல் வைத்து மொழிபெயர்த்தால் நல்ல தமிழ்த் தொடரே கிடைக்கும். குழந்தை தந்தையை அழைக்கும் சொல்லும் அங்கு ‘அப்பா’தான். இவற்றைக் கேட்கும் தமிழர்க்கு உள்ளம் மகிழ்வது இயல்பே. ஆயினும் மகிழ்ச்சி வேறு, சான்று வேறு. இன்றைய மொழியியலார் கொரியத்தைத் திராவிடக் குடும்பத்தில் சேர்ப்பதில்லை. ஹல்பர்ட்டின் முடிவு ஏற்கப்படவில்லை. ஏன் என்பதை அர்மீனிய மொழியைக் கொண்டு அறியலாம்.

நூலைக் குறிக்கும் அர்மீனியச் சொல் ‘கிர்க்’. நூல்கள் என்பது ‘கிர்கெர்’. நூல்களிலிருந்து என்பது ‘கிர்கெரித்ஸ்’. கொரியத்தில் நூல் ‘சேக்’, நூல்கள் ‘சேக்துல்’, நூல்களிலிருந்து என்பது ‘சேக்துரெசொ’. மூன்று மொழிகளிலும் பெயரை அடுத்துப் பன்மை ஒட்டும், அதனை அடுத்து வேற்றுமை உருபும் மணி கோத்தாற்போல் வரிசையாக நிற்கின்றன. வடமொழியிலோ ‘புஸ்தகேப்ய’ என்னும் வடிவில் பன்மையும் வேற்றுமையும் பிரிக்க இயலாதபடி ஒன்றாகக் கலந்துள்ளன. அமைப்பை மட்டும் நோக்கினால், கொரியமும் அர்மீனியமும் தமிழும் ஒரு குடும்பம், வடமொழி வேறு குடும்பம் என்றே எவரும் முடிவுகட்டுவர். உண்மையோ வேறு. அர்மீனியம் வடமொழியின் உறவு. இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழ் திராவிடம். கொரியம் தனக்கெனத் தனிக்குடும்பம் உடையது.

அர்மீனியத்தின் உறவு எவ்வாறு உறுதியாயிற்று? அம்மொழியில் பாரசீகச் சொற்கள் மிகப் பல. இந்தோ-ஐரோப்பிய மூலத்திலிருந்து வழிவந்த சொற்கள் சில நூறே. ஆதலால் அதனைப் பாரசீகத்தின் கிளைமொழி என்றே அறிஞர் கருதி வந்தனர். கால்டுவெல்லின் இரண்டாம் பதிப்பு வந்த அதே 1875-இல், ஹைன்ரிஷ் ஹியூப்ஷ்மன் என்னும் ஜெர்மானிய அறிஞர் கடன்சொற்களை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, எஞ்சிய சொற்களின் ஒலிகளை ஆராய்ந்து, அது இந்தோ-ஐரோப்பியத்தின் தனிக்கிளை என நிறுவினார். வடமொழியில் தந்தை ‘பித்ரு’, அர்மீனியத்தில் ‘ஹாயிர்’. வடமொழியில் ஐந்து ‘பஞ்ச’, அர்மீனியத்தில் ‘ஹிங்’. கிரேக்கத்தில் நெருப்பு ‘ப்யூர்’, அர்மீனியத்தில் ‘ஹுர்’. செவிக்கு இச்சொற்கள் ஒத்தொலிப்பதில்லை. ஆயினும் முதலில் உள்ள பகரம் அர்மீனியத்தில் மீண்டும் மீண்டும் ஹகரமாகிறது. நமக்கு இது புதிதன்று. தமிழின் பால், புலி, பத்து, பல் ஆகியவை கன்னடத்தில் ஹாலு, ஹுலி, ஹத்து, ஹல்லு என வருவதைக் காண்கிறோம் அல்லவா? இத்தகைய ஒழுங்கான ஒலிமாற்றமே மொழியுறவின் சான்று. ஒத்தொலிக்கும் சொற்களைத் தேடுவோர் ஹாயிரையும் பித்ருவையும் கண்டும் காணாமல் கடந்துவிடுவர்.

கொரியத்துக்கும் தமிழுக்கும் இடையே அத்தகைய ஒழுங்கு கிடைக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்பன அங்கு ஹானா, துல், செத், நெத். ‘மொங்நுந்தா’ என்னும் வினை, நான் உண்டாலும் நீ உண்டாலும் அவள் உண்டாலும் மாறுவதில்லை. திணை, பால், எண், இடம் காட்டும் நம் வினைமுற்று விகுதிகள் அங்கு இல்லை. அப்பா, அம்மா போன்ற சொற்களோ குழந்தையின் இதழ்கள் முதலில் ஒலிக்கும் ஒலிகளால் ஆனவை. எந்நாட்டிலும் தாமே தோன்றுபவை. அர்மீனியாவை அடுத்துள்ள ஜார்ஜியாவில் ‘மாமா’ என்றால் தந்தை! வினையை இறுதியில் வைப்பதும், உருபுகளை ஒட்டுவதும் ஜப்பானியம், துருக்கியம் எனப் பல மொழிகளில் காணும் அமைப்பு. ஒரே அமைப்பில் வீடு கட்டிய இருவர் உடன்பிறந்தாராக இருத்தல் வேண்டுமா?

ஆயினும் ஹல்பர்ட்டின் நூலை வீண்முயற்சி எனத் தள்ளுதல் தகாது. கொரியத்தைச் சீன மொழியின் நிழலாகவே கண்ட காலம் அது. கொரியச் சொற்களுள் பாதிக்கு மேற்பட்டவை சீனத்திலிருந்து வந்தவை என்பதால் அவ்வெண்ணம் வலுப்பெற்றிருந்தது. அச்சொற்களைக் கடந்து, மொழியின் எலும்புக்கூடாகிய இலக்கணத்தை நோக்கி, இது சீனத்தோடு சிறிதும் ஒட்டாத தனித்தன்மை உடையது என ஹல்பர்ட் காட்டியது சரியானதே. சீனம் அன்று என்பதில் அவர் வென்றார். திராவிடம் என்பதிலேயே வழுவினார்.

மன்னரின் மடல்

ஒப்பிலக்கண நூல் வெளிவந்த அதே ஆண்டில் ஹல்பர்ட்டின் வாழ்வு திசைமாறியது. 1895-இல் ஜப்பானியர் அரண்மனைக்குள் புகுந்து கொரிய அரசியைக் கொன்றபின், அஞ்சி நடுங்கிய மன்னரை இரவுகளில் முறைவைத்துக் காத்த அயல்நாட்டவருள் ஹல்பர்ட்டும் ஒருவர். அன்று முதல் மன்னர் அவரை முழுமையாக நம்பினார். 1905-இல் உருசியாவைப் போரில் வென்ற ஜப்பான், கொரியாவின் வெளியுறவு உரிமையைப் பறிக்க முனைந்தது. இடர் நேர்ந்தால் துணைநிற்பதாக அமெரிக்கா 1882-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் உறுதியளித்திருந்தது. அதனை நினைவூட்டும் மடல் ஒன்றைக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு எழுதி, ஹல்பர்ட்டிடம் மன்னர் ஒப்படைத்தார்.

அவர் வாஷிங்டனை அடைந்த அந்நாள்களில், நவம்பர் 17 அன்று, படைவீரர் சூழ்ந்த அரண்மனையில் ஒப்பந்தம் வலிந்து கையெழுத்தாயிற்று. ரூஸ்வெல்ட் அவரைச் சந்திக்கவில்லை. எல்லாம் முடிந்தபின்னரே வெளியுறவுச் செயலர் எலிஹு ரூட் அவருக்கு நேரம் ஒதுக்கி, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை எனக் கூறி அனுப்பினார். சியோலில் இருந்த தூதரகத்தையும் அமெரிக்கா மூடியது. சொந்த நாடே சொல் தவறியதைக் கண்ட ஹல்பர்ட், ‘கொரியாவின் மறைவு’ என்னும் பொருள்படும் நூலை 1906-இல் வெளியிட்டார். ஜப்பானின் அடக்குமுறையோடு தம் நாட்டின் நட்புத் துரோகத்தையும் அதில் மறைக்காமல் எழுதினார்.

1907-இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் உலக அமைதி மாநாடு கூடியது. மன்னர் மறைவாக மூன்று கொரியத் தூதர்களை அங்கு அனுப்பினார். ஹல்பர்ட் தனியே வேறு வழியாகச் சென்று அவர்களுக்காகப் பரிந்து பேசினார். வெளியுறவு உரிமை இல்லாத நாட்டுக்கு இருக்கை இல்லை என மாநாட்டின் கதவு அவர்களுக்கு அடைக்கப்பட்டது. தூதருள் ஒருவரான யி ஜுன் ஹேக் நகரிலேயே உயிர்நீத்தார். இதனைக் காரணம் காட்டி ஜப்பான், மன்னரை அரியணையிலிருந்து இறக்கியது. ஹல்பர்ட்டுக்குக் கொரிய வாழ்வு முடிவுற்றது. 1910-இல் கொரியா முழுவதும் ஜப்பானுக்கு அடிமையாயிற்று.

நாற்பதாண்டுக் காத்திருப்பு

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் குடியேறிய ஹல்பர்ட், கொரிய விடுதலைக்காகப் பல்லாண்டுகள் அமெரிக்காவெங்கும் பேசினார், எழுதினார். கேட்டோர் பலர், பொருட்படுத்தியோர் சிலர்.

கடலுக்கு அப்பால் அவர் நேசித்த மொழிக்குப் பெருங்கேடு சூழ்ந்தது. 1938-க்குப் பின் கொரியப் பள்ளிகளில் கொரியப் பாடம் விருப்பப் பாடமாகிப் பின்னர் மறைந்தே போயிற்று. கொரியச் செய்தித்தாள்கள் மூடப்பட்டன. மக்கள் தம் பெயர்களையும் ஜப்பானிய முறைக்கு மாற்றிக்கொள்ளுமாறு நெருக்கப்பட்டனர். ஜு சி கியோங்கின் மாணவர்கள் ஒன்றுகூடி அமைத்த கொரிய மொழிக் கழகம் பேரகராதி ஒன்றைத் தொகுத்துக்கொண்டிருந்தது. 1942-இல் கழகத்தினர் சிறைப்படுத்தப்பட்டனர். யி யுன் ஜே, ஹன் ஜிங் என்னும் இருவர் சிறையிலேயே மாண்டனர். அகராதியின் கையெழுத்துப் படிகள் வழக்குக்குச் சான்றுப்பொருளாக எடுத்துச் செல்லப்பட்டுக் காணாமற்போயின. சொற்களைத் தொகுத்தல் அங்குத் தண்டனைக்குரிய குற்றமாயிற்று!

1945 ஆகஸ்டில் விடுதலை வந்தது. அடுத்த திங்களிலேயே சியோல் தொடர்வண்டி நிலையக் கிடங்கில் அக்கையெழுத்துப் படிகள் கண்டெடுக்கப்பட்டன. 1947-இல் அகராதியின் முதல் தொகுதி வெளிவந்தது. 1957-இல் ஆறு தொகுதிகளும் நிறைவுற்றன.

மீண்டும் கொரிய மண்ணில்

1948-இல் தென்கொரியக் குடியரசு அமைந்தபோது அதன் முதல் தலைவரானவர் சிங்மன் ரீ. ஒரு காலத்தில் பேஜே பள்ளியில் பயின்றவர்; ஹல்பர்ட்டை அறிந்தவர். அடுத்த ஆண்டு விடுதலை நாள் விழாவுக்கு வருமாறு அவர் ஹல்பர்ட்டை அழைத்தார். எண்பத்தாறு வயது முதியவர்க்கு அது நெடிய கடற்பயணம். வீட்டாரின் தயக்கத்துக்கும் மருத்துவரின் எச்சரிக்கைக்கும் இடமளிக்கும் இயல்பினர் அல்லர் அவர். இங்கிலாந்தின் பெருமக்கள் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் இடம் பெறுவதைக் காட்டிலும் கொரிய மண்ணில் அடக்கமாவதையே விரும்புவதாக அவர் முன்னரே கூறியிருந்தார். 1949 சூலை 29 அன்று கொரியாவை அடைந்தார். பயணக் களைப்பால் நோயுற்று, ஒரு வாரத்தில், ஆகஸ்டு 5 அன்று மறைந்தார். விழாவுக்கு இன்னும் பத்து நாள்கள் இருந்தன.

அரசு சிறப்புடன் நடத்திய இறுதி ஊர்வலத்துக்குப் பின், ஹான் ஆற்றங்கரையிலுள்ள யாங்ஹ்வாஜின் அயல்நாட்டவர் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது. இளம்பருவத்திலேயே இறந்த அவருடைய ஆண்மகவு ஒன்று முன்னரே துயின்ற இடம் அது. 1950-இல் விடுதலைக்குப் பாடுபட்டோர்க்குரிய விருதைக் கொரிய அரசு அவருக்கு வழங்கியது. செஜோங்கின் எழுத்துக்கு ஆற்றிய தொண்டுக்காக 2014-ஆம் ஆண்டின் எழுத்துத் திருநாளில் மற்றுமொரு விருதும் அளித்தது.

கல்லறையில் நடுகல் நட்டபோது, குடியரசுத் தலைவரின் கையெழுத்தில் பெயர் பொறிப்பதற்கென அதன் நடுவில் இடம் விடப்பட்டது. அடுத்த ஆண்டே கொரியாவில் பெரும்போர் மூண்டது. ஆண்டுகள் உருண்டோடின, கல்லின் நடுப்பகுதி வெறுமையாகவே இருந்தது. அவர் மறைந்து ஐம்பது ஆண்டுகள் நிறைந்த 1999-இல், குடியரசுத் தலைவர் கிம் தே ஜுங் எழுதித் தர, ஹல்பர்ட்டின் பெயர் அவ்விடத்தில் பொறிக்கப்பட்டது. கற்றோரால் ஒதுக்கப்பட்டிருந்த அந்தக் கொரிய எழுத்திலேயே அப்பெயர் அங்கு இருக்கிறது.